பல்லக்கா எழுதிய கடிதம்

அந்த டென்டல் லேபில் சேர்ந்த முதல் வாரமே அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அங்கே இருக்கிற ஒன்பது பேரும் பல் செய்கிறவர்கள்தான். ஆனாலும் முன்பல் என்று வந்தால் அதை அவள் மேசைக்குத்தான் தள்ளுவார்கள். எதிர் மேசையில் பாலிஷ் போடுகிறவர் அவளைவிட நாலு வயது மூத்தவர். அவரும் அக்கா என்றே கூப்பிட்டார்.

"என்னண்ணே, நீங்களுமா?" என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள்.

"பல்லக்குன்னு சொல்ல வந்தேன், வாய் நீண்டுபோச்சு. நீங்க வேலை செய்யற வேகத்துக்கு உங்களை நாலு பேரு தூக்கிட்டுத்தான் போகணும்" என்றார். பதினெட்டு வருடமாக அந்த ஜோக்கை அவர் விடவில்லை.

மெதுவாகத்தான் செய்வாள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற அச்சைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷையே தொடுவாள். செராமிக் பொடியைத் துளித் தண்ணீரில் குழைத்து, படலம் படலமாக ஏற்றி, அடுப்பில் சுட்டு, மறுபடி ஏற்றி, மறுபடி சுட்டு, ஒரு பல்லுக்கு அரை நாள் எடுத்துக்கொள்வாள். முழுக்க வெள்ளையாக, அளவெடுத்த மாதிரி நேராகச் செய்துவிட்டால் பொய்ப்பல் என்று பார்த்த கணமே தெரிந்துவிடும். நுனியில் லேசான கண்ணாடித்தன்மை வேண்டும். ஈறுப் பக்கம் கொஞ்சம் மஞ்சள் வேண்டும். பக்கத்துப் பல்லோடு மயிரிழை அளவு ஒத்துப்போகாமலும் இருக்க வேண்டும். அந்த மயிரிழையில்தான் அவள் கைவண்ணம் இருந்தது. பல் வாய்க்குள் போன பிறகு அதைச் செய்தது யார் என்று யாருக்கும் தெரியாது. நன்றியெல்லாம் டாக்டருக்குத்தான் போகும். முப்பது வருடத் தொழிலில் அவளுக்கென்று ஒரு வார்த்தை வந்ததில்லை. அவளும் அதை எதிர்பார்த்ததில்லை.

வயது ஐம்பத்து நான்கு. படிவங்களில் 'திருமணமாகாதவர்' என்ற கட்டத்தில் டிக் போடுவாள். ஆனால் தனி ஆளாக இருப்பது இந்த இரண்டு வருடமாகத்தான். அதற்கு முன் பத்தொன்பது வருடம் அந்த வீட்டில் டீச்சரும் இருந்தாள்.

டீச்சர் பெண்கள் பள்ளியில் பூகோளம் எடுத்தவள். இருவரும் பழகியது சர்ச்சின் பாடகர் குழுவான கொயரில். டீச்சர் மேல்குரலான சோப்ரானோ, பல்லக்கா கீழ்க்குரலான ஆல்டோ. சோப்ரானோ என்றால் பாட்டே அவர்களுடையதுதான், கேட்கிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது அந்த மெட்டைத்தான். ஆல்டோ அப்படியில்லை. அதைத் தனியாகப் பாடினால் இது என்ன பாட்டு என்று பாடுகிறவளுக்கே சந்தேகம் வந்துவிடும். மேலே ஒரு குரல் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். "நீ கீழ நின்னு புடிச்சுக்கிறேங்கற தைரியத்துலதான் நான் மேல ஏறுறேன்" என்று டீச்சர் சொல்வாள். சொல்லிவிட்டு, தான் சொன்னது ரொம்ப உருக்கமாகப் போய்விட்டது என்று தானே வெட்கப்பட்டு, "கீழ விழுந்தா உன் பல்லு நாலு செலவாகும்" என்று சேர்த்துக்கொள்வாள்.

ஒரே வீட்டில் குடியேறியபோது, பாட்டுப் பயிற்சிக்கு வசதி என்று சபையில் சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. பிறந்தநாளுக்கு இருவருக்கும் சேர்த்து ஒரே வாழ்த்து அட்டை வரும். அட்டையில் 'அன்புச் சகோதரிகளுக்கு' என்று போட்டிருக்கும். அதை அலமாரிமேல் நிறுத்தி வைத்து டீச்சர் ஒரு வாரம் கிண்டலடிப்பாள்.

ஒரு வியாழக்கிழமை பள்ளியில், ஆசிரியர் அறையில் விடைத்தாள்மேல் தலைவைத்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். சொந்தக்காரர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். வெளியூரிலிருந்து டீச்சரின் அண்ணனும் அண்ணியும் வந்து சேரும்வரை பல்லக்கா கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவர்கள் வந்த பிறகும் அதே இடத்தில்தான் நின்றாள்.

அடக்க ஆராதனையில் போதகர் வாசித்தார்: "அன்னாரை இழந்து வாடும் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், உடன் பணியாற்றிய ஆசிரியர்கள், மாணவிகள் மற்றும் நண்பர்கள்..." பல்லக்கா 'மற்றும்' என்ற வார்த்தைக்குப் பிறகு வந்தாள். முன்வரிசை இரண்டும் குடும்பத்துக்கு. எங்கே உட்காருவது என்று தெரியாமல், கொயர் அங்கியைப் போட்டுக்கொண்டு ஆல்டோ வரிசையில் போய் நின்றுவிட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதற்கு அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான். மூன்று பாட்டும் பாடினாள். அழுதால் சுரம் விட்டுப்போகும், சுரம் விட்டுப்போனால் கொயர் மாஸ்டர் திரும்பிப் பார்ப்பார். அதனால் அழவில்லை.

பத்து நாள் கழித்து அண்ணனும் அண்ணியும் சாமான்களை எடுக்க வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. அண்ணி ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டி, "இது உங்களோடதா, எங்களோடதா?" என்று பதமாகத்தான் கேட்டாள். பத்தொன்பது வருடத்தில் எது யாருடையது என்று பல்லக்காவுக்கே தெரியவில்லை. கேட்டதற்கெல்லாம் "எடுத்துக்கோங்க" என்றாள். ஆல்பங்களும் அப்படியே போயின.

பிறகு கொயரின் வாட்ஸ்அப் குரூப்பில் 'தொண்டை சரியில்லை' என்று ஒரு செய்தி போட்டாள். 'ஜெபிக்கிறோம்' என்று பதினோரு கும்பிட்ட கைகள் வந்தன. தொண்டை எப்படி இருக்கிறது என்று பிறகு யாரும் விசாரிக்கவில்லை. சர்ச்சுக்குப் போவது நின்றது. குரூப்பிலிருந்து மட்டும் அவள் விலகவில்லை. விலகினால் ஏன் என்று கேட்பார்களோ என்ற பயம் பாதி, கேட்காமலே விட்டுவிடுவார்களோ என்ற பயம் மீதி.

சனிக்கிழமை சாயங்காலம் லேபைப் பூட்டும்போது "வரேண்ணே" என்று சொல்வாள். திங்கட்கிழமை காலை "வாங்கண்ணே" என்று சொல்லும்போது குரல் கரகரவென்று வரும். நடுவில் அந்த வாயை அவள் வேறெதற்கும் பயன்படுத்தியிருக்க மாட்டாள். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் போன் செய்து, தவறான எண் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்று பல்லக்கா நாலைந்து தடவை சொன்னாள். அந்தப் பெண் வைத்த பிறகும் ஒரு தடவை சொன்னாள்.

இப்படி இரண்டு வருடம் போனது. ஒரு சனிக்கிழமை மதியம் கொயர் குரூப்பில் ஆண்குரலில் டெனர் பாடுகிற மூத்தவர் ஒருவர் செய்தி போட்டார். "இந்தப் பாட்டை யாரும் கேட்க வேண்டாம், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிக்கொண்டு சத்தியத்தையே மாற்றுகிறார்கள்." கேட்க வேண்டாம் என்றவர் பாட்டின் இணைப்பையும் மறக்காமல் கீழே போட்டிருந்தார். பல்லக்கா சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்பூனைப் பிடிக்காத கையால் அதைத் தட்டினாள்.

நாலு நிமிடப் பாட்டு. படம் முழுக்கப் பென்சிலும் நீர்வண்ணமும். பூட்டிய ஒரு பெரிய கதவுக்கு வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஊன்றுகோல் வைத்த ஒருவர், நின்றபடியே தூங்குகிற பஸ் டிரைவர், கை கோத்துக்கொண்டு இரண்டு இளைஞர்கள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி. பியானோவும் நாலு குரலும் மட்டும்.

கூப்பிடுவீரெனக் காத்திருந்தேன் வாசலிலே,
நீரோ என் பக்கத்தில் நின்றிருந்தீர்.

இரண்டு நிமிடம் நாற்பதாவது விநாடியில் கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு வயதான பெண்கள் வந்தார்கள். குளிர் போலிருக்கிறது. ஒருத்தி மற்றவளின் கம்பளிச் சட்டைக்கு மேல் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். விரல் ஒரு தடவை தவறுகிறது. மறுபடி பிடித்துப் போடுகிறாள். மற்றவள் அதைப் பார்க்கவே இல்லை. முகவாயைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மூன்று விநாடி, அவ்வளவுதான். பிறகு படம் வேறு ஆட்களிடம் போய்விட்டது.

பல்லக்கா ஸ்பூனைக் கீழே வைத்தாள். பின்னால் இழுத்து மறுபடி பார்த்தாள். அந்த மூன்று விநாடியை முப்பது தடவையாவது பார்த்திருப்பாள். தட்டில் இருந்தது காய்ந்துபோனது. அந்தப் பெண்கள் யார், ஒருத்திக்கு ஒருத்தி என்ன உறவு என்று படத்தில் எங்கேயும் சொல்லவில்லை. அப்படி முகவாயைத் தூக்கிக் கொடுப்பவளை அவளுக்குத் தெரியும். அது போதுமாக இருந்தது.

கண் ஓய்ந்த பிறகுதான் காது விழித்தது. 'வாசலிலே' என்ற இடத்தில் மற்ற மூன்று குரல்களும் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, ஆல்டோ மட்டும் ஒரே சுரத்தில் அசையாமல் நின்றது. பல்லக்கா வாயைத் திறந்து அந்தச் சுரத்தைப் பிடித்துப் பார்த்தாள். துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. வெட்கமாக இருந்தாலும் விடவில்லை, பாட்டு முடியும்வரை கூடவே நின்றாள்.

கீழே எழுநூறு கருத்துகள் கிடந்தன. ஒன்று விடாமல் படித்தாள். இது பாவம் என்று ஒரு கட்சி, இது அன்பு என்று ஒரு கட்சி, பைபிள் வசன எண்களை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கையைப் பற்றி, தவறிய பொத்தானைப் பற்றி, நின்ற சுரத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. துக்கமெல்லாம் ஒருபுறம் இருக்க, தொழில்காரியாக அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் உட்கார்ந்து விரலை ஒடித்து இதைச் செய்திருக்கிறான், நல்லா இருக்குன்னு சொல்ல ஒரு நாதி இல்லையா?

வீடியோவின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. நாலு நாள் மதிய இடைவேளையில், அளவுச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, அடித்து, திருத்தி, கடைசியில் இப்படி அனுப்பினாள்:

"வணக்கம். நான் பல் செய்கிறவள். படம் வரையத் தெரியாது. ஆனால் ஒரு பொருளை உயிருள்ளதுபோல் காட்ட எவ்வளவு பாடுபட வேண்டும் என்று தெரியும். உங்கள் படத்தில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவுக்குப் பொத்தான் போடும்போது முதல் தடவை தவறுகிறது. அதை யோசித்தது யார்? அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரே தடவையில் போயிருந்தால் அது பொம்மை. தவறியதால்தான் இவர்களுக்கு வயதாகிவிட்டது என்றும், இது தினம் நடக்கிறது என்றும் தெரிகிறது. முகவாயைத் தூக்கிக் கொடுக்கிறவரை வரைந்தவருக்கும் வணக்கம். அப்படி நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் வரைய முடியும்.

"நான் ஆல்டோ பாடியவளும்கூட. நகர்கிற சுரத்தைவிட நிற்கிற சுரம்தான் பாடக் கஷ்டம். மற்றவர்கள் எல்லாரும் போய்க்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் நிற்க வேண்டும். 'வாசலிலே' என்ற இடத்தில் ஆல்டோ நிற்பதால்தான் காத்திருப்பது காதில் கேட்கிறது. எழுதியவருக்கு இது தெரிந்தே இருக்கும். கேட்டவள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"என் வீட்டிலும் ஒருவர் இருந்தார். அவருக்கு மேல் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். இப்போது இல்லை."

கடைசி மூன்று வரியை இரண்டு தடவை அழித்தாள். மூன்றாவது தடவை எழுதி, மறுபடி படிக்காமல் அனுப்பிவிட்டாள்.

ஒரு வாரம் போனது, மூன்று வாரம் போனது, பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் போனைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஊர் பேர் தெரியாதவர்களிடம் போய் வீட்டு விஷயத்தைக் கொட்டிவிட்டோமே என்று கூசினாள். இவ்வளவு வருடம் யாரிடமும் சொல்லாததை அவ்வளவு சுலபமாக எழுதிவிட்டதை நினைத்து டீச்சர்மேல்கூடக் கோபம் வந்தது. இருந்திருந்தால் எழுத வேண்டியே வந்திருக்காதே.

ஐந்தாவது வாரம் பதில் வந்தது. படங்களை வரைந்த பெண் எழுதியிருந்தாள். "அம்மா, தாமதத்துக்கு மன்னியுங்கள். வசவுகள் நிறைய வந்ததால் நாங்கள் அஞ்சலைத் திறப்பதையே நிறுத்தியிருந்தோம். உங்கள் கடிதத்தை எங்கள் அனிமேட்டர் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். பொத்தான் தவறியது அவருடைய யோசனை. அதற்காகக் கூடுதலாகப் பன்னிரண்டு படம் போட வேண்டியிருந்தது. எதுக்கு வீண் வேலை, வெட்டிவிடுங்கள் என்று நானே சொன்னேன். முடியாது என்று சண்டை போட்டார். வெளியாகி எட்டு மாதத்தில் அதைக் கவனித்த முதல் ஆள் நீங்கள்தான். இப்போது அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை, என்னைக் கேலி செய்துகொண்டே இருக்கிறார்."

பாட்டை எழுதியவரும் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். அவர் ஒரு சர்ச்சில் இருபது வருடம் பியானோ வாசித்து, 'இனி வர வேண்டாம்' என்று சொல்லப்பட்டவர் என்று அந்தப் பெண் குறிப்பிட்டிருந்தாள். அவருடைய வரி இதுதான்: "நிற்கிற சுரத்தை ஒருவர் கேட்டார். எனக்கு இது போதும்."

பல்லக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கே தெரிந்தது.

கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி இருந்தது. "உங்கள் வீட்டில் இருந்தவரைப் பற்றிக் கேட்கலாமா? அடுத்த பாட்டில் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிற காட்சி வருகிறது. உங்களுக்குச் சம்மதமானால் அவரையும் அங்கே உட்கார வைக்கிறோம். சிரிக்கிற போட்டோ ஒன்று அனுப்புவீர்களா?"

போட்டோவில்தான் சிக்கல். ஆல்பங்கள் இல்லை. போனில் இருந்தவற்றில் எல்லாம் டீச்சர் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். மேல் முன்பல் இரண்டில் இடதுபக்கத்துப் பல் வலதுபக்கத்துப் பல்லின்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி ஏறியிருக்கும். வெளியாட்கள் முன்னால் சிரிப்பு வந்தால் கையால் மறைத்துக்கொள்வாள். பல் செய்கிறவள் வீட்டிலேயே இருந்தும் கடைசிவரை அதைச் சரிசெய்துகொள்ளவில்லை. "சொல்லு, நேராக்கிடலாமா?" என்று ஆரம்பத்தில் ஒரு தடவை பல்லக்கா கேட்டிருக்கிறாள். "உனக்கு மனசு வராது, எனக்குத் தெரியும்" என்றாள் டீச்சர். உண்மைதான், வந்திருக்காது.

போட்டோ இல்லை என்று எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் திங்கட்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, கை தானாக மெழுகு டப்பாவை எடுத்தது. விளக்கில் கத்தியைச் சூடாக்கி, மெழுகைத் தொட்டு, சொட்டுச் சொட்டாக ஏற்றினாள். மேல்வரிசை ஆறு பல். அளவு இல்லை, அச்சு இல்லை. வேண்டியும் இருக்கவில்லை. கோரைப்பல்லின் மழுங்கிய முனை, ஒரு ஓரத்தில் பென்சில் கடித்துக் கடித்து விழுந்த சின்னப் பள்ளம், எல்லாம் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் டீச்சரின் வாய் மேசைமேல் இருந்தது.

பாலிஷ் அண்ணன் பல் குத்தியபடியே வந்தார். குனிந்து பார்த்தார்.

"இது யாருது? சீட்டைக் காணோமே."

பல்லக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எங்க வீட்ல இருந்தாங்கல்ல, டீச்சர்" என்றாள்.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெழுகுப் பல்வரிசையைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஜோக் வரப்போகிறது என்று பல்லக்கா மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த ஏறின பல்லு இன்னும் கொஞ்சம் முன்னாடி வரணும்."

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"நீங்க குடையை மறந்துட்டு வந்தா எடுத்துட்டு வருவாங்கல்ல. ஒரு நாள் நான் பல்லக்கு கதையைச் சொன்னேன். கையால வாயை மூடிட்டு, தோளு குலுங்கக் குலுங்கச் சிரிச்சாங்க. கைக்கு மேல எட்டிப் பார்த்துச்சு அந்தப் பல்லு." மெழுகைப் பத்திரமாக மேசைமேல் வைத்தார். "நல்ல மனுஷி. நீங்க லீவு போட்டுட்டு வந்த அன்னிக்கு என்ன கேக்கிறதுன்னு தெரியலக்கா. கேட்டிருக்கணும். இவ்வளவு நாளு எதிர்லயே உக்காந்துட்டு கேக்காம விட்டுட்டேன்."

இரண்டு வருடத்தில் டீச்சரைப் பற்றி அவளிடம் ஒருவர் பேசுவது அதுதான் முதல் தடவை. பல்லக்கா தலையைக் குனிந்துகொண்டு மெழுகுக் கத்தியைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

ஏறின பல்லைக் கால் மில்லிமீட்டர் முன்னால் இழுத்தாள். அவர் சொன்னது சரிதான்.

மெழுகை நாலு கோணத்தில் படமெடுத்து, போனில் இருந்த போட்டோக்களோடு சேர்த்து அனுப்பினாள். அதன் பிறகு மூன்று மாதம் கடிதம் போவதும் வருவதுமாக இருந்தது. அனிமேட்டர் கேட்ட கேள்விகளை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. சிரிப்பு முதலில் கண்ணில் தொடங்குமா, தோளிலா? சத்தம் எப்போது வரும்? முடியும்போது தலை எந்தப் பக்கம் சாயும்? ஒவ்வொன்றையும் யோசித்து எழுதினாள். "முதலில் தோள். சத்தம் அப்புறம்தான். சிரித்து முடித்துவிட்டு, இதுக்கா இவ்வளவு சிரிச்சோம் என்பதுபோல் என்னைப் பார்ப்பாள்." முதல் முன்வரைவில் டீச்சர் கையால் வாயை மூடியிருந்தாள். "கை வேண்டாம். வீட்டில் மூட மாட்டாள்" என்று திருத்தி அனுப்பினாள். அதை எழுதி அனுப்பிய பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பாட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெளியானது. சபையில் ஆராதனை நடக்கிற நேரம். சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். மெட்டு முதல் பாட்டைவிட எளிமை, வார்த்தைகளும் கொஞ்சம்தான். மேசையைச் சுற்றி ஆட்கள் வந்து உட்கார்ந்தபடியே இருக்க, ஆள் வர வர மேசை நீண்டுகொண்டே போனது. மூன்றாவது சரணத்தில் பக்கவாட்டிலிருந்து யாரோ எதையோ சொல்ல, டீச்சரின் தோள் குலுங்கியது. பிறகு வாய் திறந்து, அந்தப் பல் தெரிய, பல்லக்கா இருக்கிற பக்கம் திரும்பிச் சிரித்தாள். இரண்டு விநாடி.

"ஏய்" என்றாள் பல்லக்கா, சத்தமாகவே.

பாட்டு முடிந்தது. வீடு முன்பைவிட அமைதியாகிவிட்டது போலிருந்தது. அன்றைக்கு அதை இரண்டாவது தடவை அவள் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை பார்த்தால் அது படம் ஆகிவிடும் என்று பயம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல்முறையாக வாய்விட்டு, நேரம் போவது தெரியாமல் அழுதாள். சுரம் விட்டுப்போகுமே என்ற கவலை எதுவும் இல்லை.

கொயர் குரூப்பில் இந்தப் பாட்டையும் கேட்க வேண்டாம் என்று செய்தி வந்தது, வழக்கம்போல இணைப்போடு. பல்லக்கா அன்றைக்கு குரூப்பிலிருந்து விலகினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வலித்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் லேபில் இருக்கும்போது போன் வந்தது. டீச்சரின் அண்ணி. பல்லக்கா எழுந்து அச்சுக்கு மாவு கலக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஒரு பாட்டு பார்த்தோம். எங்க பொண்ணு காமிச்சா" என்றாள் அண்ணி. "அதுல சிரிக்கிறது... எங்க நாத்தனாருதானே?"

"ஆமா." திட்டு வருமென்று பல்லக்கா காத்திருந்தாள். கை மேசையிலிருந்த மாவைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அவரு பார்த்துட்டு போனைக் கீழ வெச்சுட்டாரு. ஒரு வார்த்தை பேசல. கோவமான்னு கேட்டேன். அதுக்கும் பதில் இல்ல."

"கேக்காம பண்ணினது தப்புதான்..."

"அதைச் சொல்ல வரலீங்க" என்றாள் அண்ணி. "நான் அந்த வீட்டுக்கு மருமகளா வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. அவங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. உங்க வீட்ல அப்படித்தான் சிரிப்பாங்களா?"

"தினமும்" என்றாள் பல்லக்கா.

"சரி" என்றாள் அண்ணி. பிறகு, "சாமான் எடுக்க வந்தப்போ இதைக் கேட்டிருக்கலாம்" என்றாள். அதோடு போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆல்பங்களும் திரும்பி வரவில்லை.

பல்லக்கா இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை, சபையில் ஆராதனை நடக்கிற அந்த இரண்டு மணி நேரத்தில் கடிதம் எழுதுகிறாள். பிள்ளைகள் புத்தகத்தில் படம் போட்டவர்கள், ஒரு நிமிடப் படத்துக்காக ஆறு மாதம் உட்கார்ந்தவர்கள், எந்தச் சபையும் பாடாத பாட்டை எழுதி வீட்டிலிருந்தே போடுகிறவர்கள், இப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறாள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதுவதில்லை. எந்த இடம், எந்தக் கோடு, எந்தச் சுரம் என்று குறிப்பிட்டு எழுதுகிறாள். இதுவரை இருபத்தெட்டுக் கடிதம். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். மற்றவர்கள் படித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறாள்.

போன வாரம் எழுதியது ஒரு படக்கதைக்காரருக்கு. மழையில் நனைகிற நாயை அவர் வரைந்திருந்தார். ஒரு காது நனைந்து படிந்திருக்க, மற்றது இன்னும் நனையாமல் விறைப்பாக நின்றது. அந்தக் காதைப் பற்றி முக்கால் பக்கம் எழுதினாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அனுப்பிவிட்டு, கடைகள் மூடுவதற்குள் ரொட்டி வாங்க இறங்கினாள்.